அய்யனார் காட்டில் ஒரு பூகோள பாடம்

“டில்லி எங்கே இருக்கிறது?” என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கேளுங்கள். சுவரில் தொங்கும் தேசப்படத்தின் முன் ஓடிப்போய் நின்று, டக்கென்று விரலை வைத்துக் காட்டுவான். கன்னியாகுமரி எங்கே? அதையும் காட்டுவான்.

“சரி, தம்பி! உங்கள் ஊர்க் கண்மாய்க்கு மழைத் தண்ணீர் எந்தத் திக்கிலிருந்து வருகிறது?”

பையன் விழிப்பான். பக்கத்தில் நிற்கும் தகப்பனாரைப் பார்ப்பான். தகப்பனாரும் சற்றே யோசிப்பார்!

குற்றம் பையனுடையது அல்ல. தேசப்படத்தைச் சுவரிலே பார்த்திருக்கிறான். தன் ஊரை ஒரு படமாக அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் படத்தை அவன் கையாலேயே வரையச் செய்தால் என்ன? அதற்குப் பணம் வேண்டாம். பெரிய கருவியும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு கயிறு, ஒரு குச்சி போதும். அத்துடன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காடு வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வட்டாரத்தில் அதற்குக் குறைவில்லை.

பெயரே ஒரு படம்

ஆலங்குடி என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். முன்னால் நிற்பது ஆல். பின்னால் நிற்பது குடி. சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களையும் சொல்லிப் பாருங்கள். வடகாடு, மாங்காடு, பனங்குளம், குளமங்கலம், மேற்பனைக்காடு. ஒரு பெயரில் மாமரம் நிற்கிறது. இன்னொன்றில் பனை நிற்கிறது. வேறொன்றில் குளம் தளும்புகிறது. மேற்பனைக்காடு என்ற ஒரே பெயரில் திக்கும் இருக்கிறது, மரமும் இருக்கிறது, காடும் இருக்கிறது! பெயர் வைத்த முன்னோர்கள் காகிதத்தில் படம் வரையவில்லை. ஊர்ப் பெயரிலேயே படத்தை எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆகவே, முதல் பாடத்தைப் பஸ்ஸிலேயே தொடங்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். வழியில் வரும் பெயர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். “இந்தப் பெயரில் மரம் இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? திக்கு இருக்கிறதா?” என்று கேளுங்கள். வீடு வந்து சேர்வதற்குள் நாலைந்து விடையாவது கிடைத்துவிடும்.

திக்குகளின் பெயர்களிலும் இதே கதைதான். ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கு வந்தது. ‘மேல்’ என்பதிலிருந்து மேற்கு வந்தது. தமிழ்நாட்டின் நிலம் மேற்கே மலையில் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்து கிடக்கிறது. காவிரியும் வைகையும் கிழக்கு நோக்கி ஓடுவது அதனால்தான். இந்த வட்டாரத்துக் கண்மாய்களைக் கவனித்தாலும் இது விளங்கும். மேட்டுப் பக்கத்திலிருந்து வாரி வழியாகத் தண்ணீர் வரும். பள்ளமான பக்கத்தில் அதைக் கரை கட்டி நிறுத்தியிருப்பார்கள். வயலுக்குத் தண்ணீர் விட மடை இருக்கும். மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடக் கலிங்கு இருக்கும். பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோதான் இருக்கும்.

கோயில் காடு

புதுக்கோட்டை மாவட்டத்தில் அய்யனார் கோயிலைச் சுற்றிக் காடு இருப்பது பழைய வழக்கம். அந்தக் காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூடாது, மரம் வெட்டக்கூடாது என்று பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். சில காடுகளில் செருப்புப் போட்டுக்கொண்டு நுழையவும் கூடாது. அந்தப் பயபக்திதான் அரசாங்கக் காவலாள் இல்லாத இடங்களிலும் மரங்களைக் காப்பாற்றி வைத்தது.

ஆலங்குடி வட்டத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் குளமங்கலம் இருக்கிறது. அங்கே உள்ளது பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். கோயிலின் முன்னால் முப்பது அடிக்கும் மேல் உயரமான குதிரைச் சிலை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கோலத்தில் நிற்கிறது. மாசி மகத்தன்று பக்தர்கள் கொண்டுவரும் காகிதப்பூ மாலைகளில் அந்தக் குதிரையே மறைந்துவிடும். குதிரையைப் பார்க்கிறவர்கள் சுவாமியின் பெயரைக் கவனிப்பதில்லை. பெருங்காரை என்பது ஒரு மரம். அய்யனாரின் பெயருக்குள்ளேயே ஒரு மரம் வேர்விட்டு நிற்கிறது!

இந்த மாவட்டத்துக் கோயில் காடுகளில் காரை மட்டுமல்ல. வீரை, பாலை, காசான், குருந்து, உசிலை, களா, சூரை, வெப்பாலை என்று எத்தனையோ வகை உண்டு. இவற்றில் பல, கோடையிலும் முழுக்க இலை உதிர்ப்பதில்லை. இலைகள் சிறியவை, தடிப்பானவை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடித்தனம் நடத்தும் மரங்கள் இவை. விஞ்ஞானிகள் இதை ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்கிறார்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையை ஒட்டி, இத்தகைய காடு இன்று துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் பல, கோயில் காடுகள்தாம்.

பக்கத்திலேயே ஒரு தைலமரத் தோப்பும் இருந்தால் பாடம் இன்னும் சுலபம். இரண்டிலும் பத்துப் பத்து அடி சதுரம் அளந்து, அதற்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று குழந்தையை எண்ணச் சொல்லுங்கள். தோப்பு வேறு, காடு வேறு என்பதை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

முற்றத்தில் முதல் பாடம்

நாலைந்து வயதுக் குழந்தையை உடனே காட்டுக்குக் கூட்டிப்போய் ‘படம் வரை’ என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. படம் என்பது மேலிருந்து பார்க்கும் பார்வை. குழந்தையோ எதையும் எதிரே நின்றுதான் பார்த்திருக்கிறது. வீட்டை வரையச் சொன்னால் கதவும் ஜன்னலும் கூரையும்தான் போடும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு செம்பைத் தரையில் வையுங்கள். “காக்காய் மேலே பறந்துபோகிறது. அது குனிந்து பார்த்தால் செம்பு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். குழந்தை எழுந்து நின்று எட்டிப் பார்க்கும். “வட்டமாகத் தெரியும்!” என்று சொல்லும். தீப்பெட்டி? நீளச் சதுரம். உரல்? வட்டத்துக்குள் ஒரு வட்டம். இனி முற்றத்தைக் காக்காய் எப்படிப் பார்க்கும் என்று கேட்டால் போதும். துளசி மாடம் ஒரு சிறு சதுரம், கிணறு ஒரு வட்டம், வாசல் ஒரு இடைவெளி. முதல் படம் தயார்!

தாய்மார்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. நாள்தோறும் வாசலில் போடும் கோலமும் மேலிருந்து பார்க்கும் படமே. புள்ளிகளைச் சம தூரத்தில் வைக்கத் தெரிந்த கைக்கு, மரங்களைச் சம தூரத்தில் குறிக்கவும் தெரியும். அம்மாவுடன் குனிந்து புள்ளி வைக்கும் சிறுமி பாதிப் பூகோளம் படித்தாயிற்று.

நிழல் காட்டும் திக்கு

ஏழு வயதுக்கு மேல் திக்குப் பாடம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். மார்கழியில் அது கொஞ்சம் தெற்கே தள்ளியும், ஆனியில் கொஞ்சம் வடக்கே தள்ளியும் உதிப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? சரியான திக்கை அறிய ஒரு குச்சி போதும்.

காலை வேளையில் வெயில் விழும் சமதரையில் குச்சியை நேராக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். நிழல் நகர்ந்திருக்கும். புதிய நுனியில் இன்னொரு கல். முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்குக் கோடு போட்டால், அது ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே போகும் கோடு. அதற்குக் குறுக்கே போட்டால் வடக்கு தெற்கு.

ஆலங்குடிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள், ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், பகல் 12 மணி 15 நிமிடம் போலச் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட குச்சிக்கு நிழலே இராது! அந்த இரண்டு நாட்களுக்கும் இடையே உள்ள மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்கே சாயும். மற்ற மாதங்களில் வடக்கே சாயும். ‘நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கையே காட்டும்’ என்று குளிர்நாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு ஆனி மாதம் காட்டுக்குள் போனால், திக்குத் தவறிவிடும். தன் ஊர் நிழலைத் தானே பார்த்து எழுதிய பிள்ளை ஏமாற மாட்டான்.

காலடிக் கணக்கு

திக்கு தெரிந்தாயிற்று. இனித் தூரம். அதற்கு அளவுகோல் காலடியேதான்.

பத்து மீட்டர் கயிற்றைத் தரையில் நீட்டிப் போடுங்கள். குழந்தை வழக்கம்போல அதன் ஓரமாக நடக்கட்டும். இருபது எட்டில் கடந்தால், ஒரு எட்டு அரை மீட்டர். இனி அந்தப் பிள்ளை எங்கே நடந்தாலும் அளந்துகொண்டே நடக்கலாம். கோயில் வாசலிலிருந்து ஆற்றங்கரைக்கு 300 எட்டு என்றால் 150 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நோட்டில் 15 சென்டிமீட்டர்க் கோடு. வகுப்பில் கசந்த வாய்ப்பாடும் வகுத்தலும் காட்டில் இனிக்கும்.

‘காலால் அளப்பதாவது!’ என்று யாரும் சிரிக்க வேண்டாம். இமயமலைக்கு அப்பால் உள்ள திபெத்தின் தலைநகரான லாசா எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியது ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் கால்கள்தாம். அவர் பெயர் நைன்சிங் ராவத். குமாவூன் மலைப்பகுதியில் உள்ள மிலம் என்ற ஊர்க்காரர். வெளியார் நுழைய முடியாத திபெத்துக்குள் 1865-ஆம் ஆண்டு யாத்திரிகரைப் போல வேடம் போட்டுப் புறப்பட்டார். ஒரே அளவாக எட்டு வைத்து நடக்க அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கையில் ஜபமாலை. வழக்கமான ஜபமாலையில் 108 மணிகள். அவருடையதில் 100 தான்! நூறு எட்டுக்கு ஒரு மணியை நகர்த்துவார். ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் எட்டு. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதிலாகக் கணக்குச் சீட்டுகளை மறைத்து வைத்திருந்தார். 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். 1877-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்துவிடுங்கள். நூறு எட்டுக்கு ஒரு கொட்டையை வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றட்டும். காட்டு வழி முழுவதும் ‘கால் வலிக்கிறது’ என்ற பேச்சே எழாது.

தஞ்சைக் கோயிலில் அறுந்த கயிறு

படத்துக்கு மூன்றாவது தேவை அடையாளம். தொலைவிலிருந்து தெரிவதும், சுலபத்தில் இடம் மாறாததும் நல்ல அடையாளம்.

இந்தியாவையே அளந்தவர்களும் அடையாளம் தேடித்தான் அலைந்தார்கள். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள முதல் கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டே போய்ப் பிறகு இமயம் வரை அளந்தார்கள்.

தஞ்சை வட்டாரம் சமவெளி. மலை இல்லை. உயரமான இடத்துக்கு எங்கே போவது? 1808-இல் லாம்டனின் கண் பெரிய கோயில் விமானத்தின் மீது விழுந்தது. கோணம் அளக்கும் கருவியை அதன்மேல் ஏற்றினார்கள். கருவியின் எடை சுமார் அரை டன். ஏற்றும்போது கயிறு அறுந்தது! கருவி கோயிலில் மோதி நெளிந்துபோயிற்று. லாம்டன் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, சுமார் ஆறு வாரம் பாடுபட்டுத் தம் கையாலேயே அதைச் சீர்படுத்தினார்.

தஞ்சைக்கு ஒரு விமானம் என்றால், குளமங்கலத்துக்கு ஒரு குதிரை. அதை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குறிக்கலாம். கோயிலுக்கு ஒரு சிறு முக்கோணம், கிணற்றுக்கு வட்டம், பனைக்கு ஒரு கோட்டின் தலையில் விசிறி, புற்றுக்கு ஒரு கூம்பு, தண்ணீருக்கு நெளிகோடு. எந்தக் குறி எதற்கு என்று படத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பழக்கமும் சேர்ந்து வரும்.

காட்டுக்குள் அப்பத்தா

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஏழு. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் அப்பத்தாவுடன் ஊர்க் கோயில் காட்டுக்குப் போகிறார்கள். நோட்டு பேத்தியிடம், புளியங்கொட்டை பேரனிடம். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“அப்பத்தா, இது என்ன மரம்?”

“இதா? இது வீரை, ஆத்தா. எலயைத் தொட்டுப் பாரு. தோலு மாதிரி இருக்கா?”

“அது?”

“அது குருந்து. ஒரு எலயக் கசக்கி மோந்து பாரு. கீழே கெடக்குறத எடு. மரத்துல பறிக்காதே, சாமி மரம்.”

“எலுமிச்சம்பழ வாசனை வருது, அப்பத்தா!”

“ஆமா. எலுமிச்சைக்குச் சொந்தக்கார மரம்தான்.”

தாவர சாஸ்திரம் படித்தவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குருந்தும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். அப்பத்தா பள்ளிக்கூடம் போகாமலே மூக்கால் கண்டுபிடித்த பாடம் இது.

பேரன் கொட்டையை மாற்றிக்கொண்டே கேட்கிறான்: “அப்பத்தா, இங்கே பள்ளமா இருக்கே, இது வாய்க்காலா?”

“பழைய வாரிடா, அய்யா. நான் வாக்கப்பட்டு வந்தப்போ இதுல கார்த்திகை மாசம் மொழங்கால் தண்ணி ஓடும். அப்புறம் யாரும் வெட்டிவிடல. மூடிப்போச்சு.”

பேத்தி நோட்டில் அந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போடுகிறாள். ‘பழைய வாரி. அப்பத்தா சொன்னது’ என்று எழுதுகிறாள்.

அந்த ஒரு வரி மிகவும் முக்கியமானது. அப்பத்தாவின் நெஞ்சில் இருந்த ஒரு செய்தி காகிதத்துக்கு வந்துவிட்டது. பேத்தி கேட்காதிருந்தால், அப்பத்தாவோடு அது போயிருக்கும்.

பிறகு மூவரும் ஒரு நிழலில் உட்காருகிறார்கள். இப்போது ‘ஓசைப் படம்’. பக்கத்தின் நடுவில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் தாங்கள் இருக்கும் இடம். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் அந்தப் பக்கத்தில் குறிக்க வேண்டும். தெற்கே மயில். மேற்கே செம்போத்தின் ‘உக்… உக்…’ அருகிலே தவிட்டுக்குருவிகளின் கூச்சல். கிழக்கே ரோட்டில் ஒரு பஸ். காட்டில் ஓடிக் கூத்தடிக்கும் பிள்ளைகளும் அந்த ஐந்து நிமிடம் மூச்சை அடக்கி உட்காருவார்கள்.

வகுப்பறைக்கு வெளியே

இவ்விதம் மரத்தடியில் படிப்பது இந்த நாட்டுக்குப் புதியதல்ல. 1901-இல் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கியபோது மாணவர்களை மரநிழலில்தான் உட்கார வைத்தார். வெளிநாடுகளிலும் இது பரவியிருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் 1957-இல், ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய் விளையாட்டாகவே இயற்கையைக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதற்காக ‘முல்லே’ என்ற ஒரு கற்பனைக் காட்டு மனிதனையும் படைத்தார்கள். காட்டில் குப்பை போட்டால் முல்லேக்குப் பிடிக்காது! நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதாக யாரையும் படைக்க வேண்டியதில்லை. அய்யனார் இருக்கிறார், அவருக்குக் குதிரையும் இருக்கிறது.

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரங்களை அது உலுக்கி எடுத்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. பலா மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. வழிக்கு அடையாளமாக நின்ற பழைய மரங்களும் தப்பவில்லை. பழகிய தெருவையே அடையாளம் தெரியாமல் ஜனங்கள் திகைத்தார்கள்.

சாய்ந்த தென்னைக்குக் கணக்கு எடுத்தார்கள். நிவாரணம் கொடுத்தார்கள். ஆனால், கோயில் காட்டில் எத்தனை வீரை விழுந்தது, எத்தனை பாலை விழுந்தது, அவை எந்த இடத்தில் நின்றன என்று கேட்டால் எந்த ஏட்டைப் புரட்டுவது? பெரியவர்களின் ஞாபகத்தைத் தவிர வேறு ஏடு இல்லாத ஊர்களே அதிகம்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தங்கள் ஊர்க் காட்டுக்கு ஒரு படம் வரைந்து, தேதி போட்டுப் பெட்டியில் வைத்திருந்தால்? எந்த இடத்தில் எந்த மரம் நின்றதோ, அதே இடத்தில் அதே ஜாதிக் கன்றை நட்டிருக்கலாம். இனி வரும் புயலுக்கு முன்னால் அந்தப் படத்தை வரைந்துவிடலாம் அல்லவா? குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணிய காரியம் ஒரு ஊரின் ஆவணமாக ஆகிவிடும்.

பட்டாவும் புலப்படமும்

இதில் குடும்பத்துக்கும் ஒரு லாபம் உண்டு.

நிலம் வைத்திருக்கிற வீடுகளில் பட்டா இருக்கிறது. அதில் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இருக்கின்றன. அந்த நிலத்தின் நீள அகலங்களைக் காட்டும் புலப்படமும் உண்டு; அரசாங்கத்தின் இணைய சேவையிலேயே அதைப் பார்க்கலாம். பார்த்து என்ன பயன்? படம் படிக்கத் தெரியாவிட்டால், ‘உன் எல்லை இதுதான்’ என்று அடுத்தவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று, கோர்ட்டுக்கு நடந்து தேய்ந்த குடும்பங்கள் கொஞ்சமா?

காலடியால் காட்டை அளந்த பிள்ளைக்குப் புலப்படம் புதிராக இராது. அம்புக்குறி வடக்கு என்று அவளுக்குத் தெரியும். சிறிய கோடு பெரிய தூரம் என்று தெரியும். எல்லைக்கல் எங்கே இருக்க வேண்டும் என்று எட்டு வைத்துப் பார்க்கத் தெரியும். சரியான அளவு சர்வேயர் எடுக்க வேண்டியதுதான். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவள் அறிந்திருப்பாள்.

ஊர்ச் சொத்துக்கும் இதே காவல்தான். கண்மாயும் வாய்க்காலும் கிராமப் படத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருந்து என்ன? ‘இங்கே ஒரு வாரி இருந்தது’ என்று படத்தில் விரல் வைத்துச் சொல்ல ஊரில் நாலு பேர் வேண்டுமே! தண்ணீர் வந்த வழி தெரியாத ஊரில் கண்மாய் நிரம்பாது.

புதுக்கோட்டை மாவட்டம் ஒருமுறை இந்நாட்டுக்கே வழி காட்டியது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கற்றார்கள். கையோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். யாரையும் எதிர்பாராமல் போக வேண்டிய இடத்துக்குத் தாங்களே போனார்கள். எழுத்துக்கு அடுத்த படி, ஊரைப் படிப்பதுதான்.

இதையும் கவனியுங்கள்!

குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் சில விஷயங்களை மறக்கக்கூடாது.

ஐந்து குழந்தைக்கு ஒரு பெரியவராவது வேண்டும். உள்ளே போகும்போதும் வரும்போதும் தலை எண்ணுங்கள். கோயில் காடானால் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

புதருக்குள்ளும் புற்றிலும் கை விடக்கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-க்குச் சொல்லி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மந்திரிப்பதில் நேரத்தை வீணாக்கக்கூடாது.

குன்றிமணி பார்க்க அழகு. வாயில் போட்டால் விஷம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. தெரியாத காயைத் தின்னக்கூடாது. மழைக்காலத்தில் நிரம்பிய குளத்தின் அருகே சிறுவர்களைத் தனியே விடவே கூடாது.

காட்டிலிருந்து எதையும் பறித்து வரவேண்டாம். உதிர்ந்த இலையை எடுத்து நோட்டில் வைத்து, மேலே தாளைப் போட்டுப் பென்சிலால் தேய்த்தால் நரம்புகளோடு இலையின் உருவம் விழும். அதன்பின் இலையை அங்கேயே போட்டுவிடலாம். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு விரல் வைத்த இடம்

அந்தக் குடும்பம் வீடு திரும்பிவிட்டது. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து, கணக்குப் பார்த்துக் கோடுகளைச் சரி செய்து, படத்துக்கு வண்ணம் தீட்டுகிறாள். மேலே வடக்குக்கு ஓர் அம்புக்குறி. கீழே தேதி. அப்பத்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்க்கிறாள்.

“இதுதான் கோயிலா, ஆத்தா?”

“ஆமா, அப்பத்தா. இது குதிரை. இது வீரை. இது நீங்க சொன்ன வாரி.”

அப்பத்தா சற்று நேரம் பார்க்கிறாள். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவள். ஆனால் அவள் விரல் மெல்ல நகர்ந்து, படத்தில் வெறுமையாக இருந்த ஓர் இடத்தில் நிற்கிறது.

“இங்கன ஒரு ஊத்து இருந்துச்சு. நீ போடலியே?”

பேத்தி பென்சிலை எடுக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.